தரையிலிருந்து பார்த்த படங்கள்

எனக்கு டி.வி. அறிமுகமானது ஒரு சன்னல் வழியாகத்தான். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். மேலத்தெரு வீடு ஒன்றின் முற்றத்து மண்ணில் எங்கள் தெருப் பிள்ளைகள் உட்காருவோம். அந்த வீட்டுப் பிள்ளைகள் உள்ளே நாற்காலியில். அதற்கு ஈடாக எங்கம்மா அவர்கள் தொழுவத்தில் சாணி அள்ளினாள். 'நாட்டாமை' (1994) படத்தை அப்படித்தான் பார்த்தேன். ஒருவர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லுவார், ஊர் நின்று கேட்கும். நாங்களும் கை தட்டினோம். அந்தக் கூட்டத்தில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கப்பா மாதிரி யாராவது நிற்கிறாரா என்று தேட அன்றைக்குத் தெரியவில்லை.

'தேவர் மகன்' (1992) கோயில் கொடைக்கு டெக்கு வாடகைக்கு எடுத்துப் போட்டார்கள். அதில் வரும் ஒரு பாட்டுக்குப் பள்ளிக்கூட விழாவில் நானே ஆடியிருக்கிறேன். பிறகொரு நாள் அதே பாட்டைக் குழாயில் கட்டிக்கொண்டு ஓர் ஊர்வலம் வந்தது. எங்கள் தெரு முக்கில் வந்ததும் சத்தத்தைக் கூட்டினார்கள். அம்மா கதவைச் சாத்தி என்னை மடியில் அமுக்கிக்கொண்டாள். எனக்கோ உள்ளே கால் தாளம் போட்டது. அதற்காக வெட்கப்படுவதற்கு எனக்குப் பத்து வருஷம் தேவைப்பட்டது.

அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி 2008இல் எங்கள் வீட்டுக்கு வந்தது. 14 அங்குலப் பெட்டி. சும்மா கொடுத்து மக்களைக் கெடுக்கிறார்கள் என்று பேசியவர்கள் யாரும் சன்னல் வழியாகப் படம் பார்த்தவர்கள் அல்லர். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் போன போலீஸ் எதை உடைத்தது? டி.வி.யை, மின்விசிறியை, தையல் எந்திரத்தை. சேரிக்குள் டி.வி. இருப்பது சிலருக்குக் கண்ணை உறுத்தத்தான் செய்தது. 'கர்ணன்' (2021) பார்க்கும்போது அம்மா கேட்டாள்: "நம்ம பெட்டியவும் ஒடைப்பானுவளா புள்ள?"

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் படம் பார்ப்பதற்கு அவளிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. "நம்மாளு எங்க உக்காருதான்?" அவ்வளவுதான்.

'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் கூத்தாடும் தகப்பனை வேட்டியை உருவி ஓட விடுகிற இடம் வந்ததும், "அமத்துட்டி" என்றாள். மீதியை ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தாள். கடைசியில் இரண்டு டீ கிளாஸ், நடுவே மல்லிகைப் பூ. நான் நெகிழ்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அம்மா கேட்டாள்: "ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, சரி. யாரு கழுவுவா?" தனிக் கிளாசில் குடித்து, தானே கழுவிக் கவிழ்த்தவள் கேட்கிற கேள்வி அது. எந்த விமர்சனக் கூட்டத்திலும் நான் இதைக் கேட்டதில்லை.

'ஜெய் பீம்' (2021) முடிவில் அந்தச் சிறுமி வக்கீலைப் போலவே கால் மேல் கால் போட்டுப் பேப்பர் படிப்பாள். தோழர்கள் எல்லோரும் கொண்டாடிய காட்சி. "அவுக பாத்து சரின்ன பெறவுதான போடுது? அவுக இல்லாதப்ப போடுமா?" என்றாள் அம்மா. படத்தின் மொத்த அரசியலும் அந்த ஒரு கேள்வியில் வந்துவிட்டது.

2023இல் வந்த 'மேட் இன் ஹெவன்' இந்தித் தொடரில் நீரஜ் கெய்வான் இயக்கிய ஒரு பகுதியைப் போட்டுக் காட்டினேன். படித்த தலித் பெண், தன் கல்யாணத்தில் பௌத்தச் சடங்கும் வேண்டும் என்று நிற்கிறாள். ராதிகா ஆப்தே நடித்தது. அம்பேத்கர் படத்தைக் கண்டதும் அம்மா நிமிர்ந்தாள். பிறகு, "அந்தச் சேல என்ன வெலை இருக்கும்?" என்றாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

'தேவர் மகன்' இசக்கிக்குப் படத்தில் சாதி சொல்லப்படவில்லை. கையை இழந்து நிற்கிற அவன் யார் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும். அந்த இசக்கிதான் மாமன்னன் என்று 2023இல் மாரி செல்வராஜ் மேடையிலேயே சொன்னார். அதே வடிவேலு. 'மாமன்னன்' (2023) படத்தில் எம்.எல்.ஏ. ஆகியும் நின்றுகொண்டே இருப்பவரை மகன் உட்காரச் சொல்கிறான். "மகன் சொல்லித்தான் உக்காருதாரு. இருந்தாலும் உக்காந்துட்டாருல்லா" என்று அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். மேலத்தெரு வீட்டுப் பையன் பருத்தி எடுக்க ஆள் கூப்பிட வந்தான். என்னைவிட இளையவன். அம்மா சடக்கென்று எழுந்து நின்றாள். அவன் போனதும் கத்தினேன். "நேத்துத்தானே அப்படி ரசிச்சே?"

"நான் எந்திரிக்கல புள்ள. இந்தக் காலு எந்திரிச்சுட்டு."

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை எம்.ஏ.வில் படித்திருக்கிறேன். இளிவரல் பிறக்கும் இடங்கள் நான்கு என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். தானாக எழுந்து நிற்கிற இந்த முழங்கால் அந்த நான்கில் இல்லை. அம்மாவைத் திட்டிய நான் யோக்கியமா? சாதிச் சான்றிதழுக்குப் போன அலுவலகத்தில் நாற்காலி காலியாகக் கிடந்தும் முக்கால் மணி நேரம் நின்றேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை.

தலித் சினிமா பற்றி நாம் நிறைய எழுதுகிறோம். எழுதுங்கள். கூடவே நம் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.

அம்மா இப்போதும் நாற்காலியில் உட்கார்ந்துதான் படம் பார்க்கிறாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நான் போய் அவள் தோளில் கை வைத்துக்கொள்கிறேன்.