நாற்பது டாலர் கதவு!

சைக்காலஜி படிக்கிற எங்க எல்லாருக்கும் ஒரு பொது எதிரி உண்டு. அரியர் இல்லீங்க! இணையத்துல கட்டுரைச் சுருக்கத்தை மட்டும் காட்டிட்டு, 'முழுசா படிக்கணுமா? டாலரை எடு'ன்னு கை நீட்டுற பக்கம்தான்.

என் புராஜெக்ட், படிக்கிற முறையும் ஞாபக சக்தியும் பற்றினது. திரும்பத் திரும்பப் படிச்சவங்களைவிட, பாடத்தை மூடி வெச்சுட்டு ஞாபகத்துலேர்ந்து எழுதிப் பார்த்தவங்களுக்குத்தான் ஒரு வாரம் கழிச்சு அதிகம் நினைவு இருந்துச்சுன்னு ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-ல கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் வந்த ஆய்வுகளைத் தேடினா, ஒரு கட்டுரைக்குக் கிட்டத்தட்ட 40 டாலர். மூவாயிரம் ரூபாய்க்கு மேல! எனக்கு முப்பது கட்டுரை வேணும். லோடு ஆட்டோ ஓட்டி ஃபீஸ் கட்டுற அப்பாகிட்ட எப்படிக் கேட்கறது?

"தலைப்பை மாத்திடும்மா"ன்னாங்க கைடு மேடம். மனசு கேட்கலை. விடிய விடிய உருப்போட்டும் அரியர் வைக்கிற எங்க கிளாஸுக்கே உதவுற விஷயமாச்சே!

வேடிக்கை என்னன்னா, நாம கொடுக்கிற அந்தக் காசு கட்டுரை எழுதினவருக்குப் போறதில்லை. சரிபார்க்கிற பேராசிரியர்களும் பொதுவா சம்பளம் வாங்காமத்தான் செய்றாங்க. 'ஆராய்ச்சி எல்லாருக்கும் இலவசம்'னு 2002-லயே புடாபெஸ்ட் அறிவிப்பு வந்தாச்சு. அதுக்கும் முன்னாடி, 1997-ல, ஸ்டீவன் ஹார்னாட் 'காக்பிரின்ட்ஸ்'னு திறந்த களஞ்சியமே ஆரம்பிச்சுட்டார். 2016-ல உளவியலுக்கு 'சைஆர்க்கைவ்', சமூக அறிவியலுக்கு 'சோக்ஆர்க்கைவ்' வந்துச்சு. ஒரு எச்சரிக்கை... அங்கே இருக்கிறதுல பலது இன்னும் சரிபார்க்கப்படாதது. கண்ணை மூடிட்டு நம்பிடாதீங்க.

ஹாஸ்டல் சீனியர் அக்கா வழி சொன்னாங்க. முதல்ல கூகுள் ஸ்காலர்ல வேற பிரதி இருக்கான்னு பாரு. அடுத்து 'அன்பேவால்' போட்டுப் பாரு. அதுவும் கைவிட்டா, எழுதினவருக்கே நாலு வரி மெயில் தட்டு. தட்டினேன். ரெண்டே நாள்ல கட்டுரையோட, ஆய்வுல கேட்ட கேள்வித்தாளும் வந்துச்சு! முப்பதுல இருபத்துநாலு கிடைச்சிருச்சு. தலைப்பு பிழைச்சுது.

2025 ஜனவரி 1-லிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்திருக்கு. 13,000 இதழ்கள்! ஆனா முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். என்கூட ஒரே பஸ்ல வர்ற அரசுக் கல்லூரித் தோழிக்குத் திறக்கிற கதவு, சுயநிதிக் கல்லூரியில படிக்கிற எனக்குத் திறக்காது. அறிவுக்கு எதுக்குங்க ரெண்டு கியூ?

புராஜெக்ட் முடிஞ்சதும் தமிழ்ச் சுருக்கத்தோட அதை இலவசமா இணையத்துல போடப்போறேன். நீங்களும் போடுங்க. அடுத்த வருஷம் தேடப்போற ஜூனியருக்கு டாலர் கேட்காத கட்டுரை ஒண்ணாவது கிடைக்கட்டும்!