பேராதனைப் பூங்காவில் ஒரு பகல்

கண்டிக்குச் சுற்றுலா செல்வோர் தலதா மாளிகையையும் வாவியையும் பார்த்துவிட்டு, பேராதனை அரச தாவரவியல் பூங்காவை ஒரு மணித்தியாலத்தில் சுற்றி முடித்துவிடுவார்கள். பாடசாலைச் சுற்றுலா என்றால் அதுவும் இல்லை. விசில் சத்தம் பின்னால் துரத்தும். கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் அம்மாவும் நானும் சென்றபோது எங்களைத் துரத்த எவரும் இருக்கவில்லை. காலையில் நுழைந்த நாங்கள் மாலைவரை ஆறுதலாக நடந்தோம்.

எங்கள் ஊர் சுருவில். ஊர்காவற்றுறைக்கு அருகே, கடலோரமாக அமைந்த சிறிய கிராமம். அங்கே ஆறு கிடையாது. கோடையில் குடிதண்ணீர் பவுசரில் வரும். ஆகவே பூங்காவை வளைத்து ஓடும் மகாவலி கங்கையைக் கண்டதும் அம்மா நின்றுவிட்டார். "இவ்வளவு நல்ல தண்ணியும் சும்மா ஓடுதே!" என்றார். மகாவலி ஏன் ஓடுகிறது என்பதைப் புவியியல் பாடத்தில் படித்த எனக்கும் அதற்கு விடை தெரியவில்லை.

147 ஏக்கர் பரப்புடைய இப்பூங்காவை 1821 இல் அலெக்சாண்டர் மூன் என்பவர் அமைத்தார். வெறும் அழகுக்காக அன்று; இலாபந்தரும் பயிர்களை இங்கே நட்டுப் பார்த்தார்கள். 1824 இல் சீனத் தேயிலைக் கன்றுகள் இங்கு வந்தன. 43 ஆண்டுகளின் பின், 1867 இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். மலைநாட்டின் தோற்றமே அதன்பின் மாறிப்போயிற்று.

ஓர்க்கிட் மலர்கள் உள்ள கூடத்தில் சன நெரிசல். விரைவாகக் கடந்தோம். உயர்ந்த மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கறுப்புத் துணிகள்போலத் தொங்கின. அரசபனைகள் அணிவகுத்த பாதைக்கு, பரீட்சைக் கட்டுரைகளில் எல்லோரும் எழுதும் 'கண்கொள்ளாக் காட்சி' என்ற தொடரைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

அம்மாவை அதிகம் கவர்ந்தது இரட்டைத் தேங்காய் மரம். சீசெல்ஸ் தீவுகளுக்குரிய இம்மரத்தின் விதையே உலகில் மிகப் பெரியது. காய் முற்ற 6, 7 ஆண்டுகள் செல்லும். பெயரில் தேங்காய் இருந்தாலும் இது தென்னையைவிடப் பனைக்கே நெருங்கிய உறவு. பனையைப் போலவே இதிலும் ஆண், பெண் மரங்கள் வேறு வேறு. பாத்தியில் இட்ட பனங்கொட்டை நிலத்துக்குள் முளையை இறக்குவதுபோல, இதன் விதையும் முளையைத் தூரத்தே அனுப்பித்தான் கன்றாகிறது. நான் இதைச் சொன்னபோது, "அப்ப கிழங்கு கிண்டலாமோ?" என்று கேட்டார் அம்மா.

பிற்பகலில் பனைமர வீதிக்கு வந்தோம். ஆம், எங்கள் பனைதான். 1887 இல் இரு புறமும் வரிசையாக நட்டிருக்கிறார்கள். நான் பொறாசஸ் பிளபெலிபர் என்ற விஞ்ஞானப் பெயரை மாணவர்களுக்காகக் கொப்பியில் குறித்துக்கொண்டிருந்தேன். அம்மா அண்ணாந்து பார்த்தார். "இது ஆண். அங்கால நிக்கிறது பெண். ஒருத்தரும் ஏறிறேல்லைப் போல, ஓலை அப்பிடியே கிடக்கு."

எங்கள் வளவின் எல்லையில் 17 பனைகள் நின்றனவாம். 1991 இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது நான் கைக்குழந்தை. எனக்கு அவை நினைவில் இல்லை. தீவுப்பகுதிப் பனைகள் பல போர்க்காலத்தில் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்டன. பல ஆண்டுகளின் பின் திரும்பி வந்தபோது எங்கள் எல்லையில் நின்றவை 4. எது நுங்குக்கு நல்லது, எது பினாட்டுக்கு நல்லது என்று, இல்லாத மரங்களையும் சேர்த்து அம்மா இன்றும் சொல்வார்.

அந்த வீதியில் ஒவ்வொரு மரமாகக் கைவைத்து எண்ணத் தொடங்கினார். படம் எடுக்க வந்த ஓர் இளஞ்சோடி குறுக்கிட்டதில் எண்ணிக்கை தவறியது. திரும்பிச் சென்று முதல் மரத்திலிருந்து மீண்டும் ஆரம்பித்தார். அவருடைய கைப்பையை வாங்கிக்கொண்டு நான் புல்லில் அமர்ந்தேன். பூங்கா மூடுவதற்கு இன்னும் நேரம் இருந்தது.