இட்லி ஆவியும் மேற்குச் சுவரும்

பிரிட்டனில் நம்மவர் வீட்டுச் சுவரில் பூசணம் பிடித்தால், பார்க்க வருகிறவர் கண்ணைவிட மூக்கைத்தான் நம்புகிறார். ஸ்வான்சியில் எங்கள் வீட்டுக்கு வந்த ஆய்வாளரும் சாம்பார் வாசனை பிடித்ததும், "நிறைய சமைப்பீர்களோ?" என்றார். துணியை உள்ளேயே காயப்போடுகிறீர்களா, ஜன்னலைத் திறக்கிறீர்களா என்று அடுத்தடுத்துக் கேள்விகள். சுவரைத் தொட்டுப் பார்த்தது கடைசியில்தான்.

தொட வேண்டிய சுவர் அது. 1930களில் கட்டிய வீடு. வெளிச்சுவர் என்பது உண்மையில் இரண்டு சுவர், நடுவே இரண்டு அங்குலம் போல வெற்றிடம். இரண்டையும் பிணைக்க அங்கங்கே இரும்புப் பட்டைகள். செங்கல் தண்ணீர் குடிக்கும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியும். காற்றோடு அடிக்கும் மழை முதல் சுவரைத் தாண்டினால் தாண்டட்டும், அதன் உள்முகத்தில் வழிந்து கீழே இறங்கட்டும், இரண்டாவது சுவரைத் தொடாமல் இருந்தால் சரி என்பது அவர்கள் கணக்கு. பட்டையின் நடுவில்கூட ஒரு முறுக்கு உண்டு. அதன் வழியே நகர்ந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். யாருமே பார்க்கப்போகாத இடத்தில் இவ்வளவு யோசனை.

பின்னாளில் எரிபொருள் விலை ஏறியது, அரசு மானியம் வந்தது. செங்கல்களுக்கு இடையே கட்டைவிரல் நுழையும் அளவு துளை போட்டு, கனிமப் பஞ்சை ஊதி வெற்றிடத்தை அடைத்தார்கள். மழைக்கு மறைவான ஊர்களில் இது நல்ல ஏற்பாடு. வீடு நிஜமாகவே கதகதப்பாகும். ஆனால் மழைவீச்சை வைத்துப் பிரிட்டனை நான்கு மண்டலமாகப் பிரித்த வரைபடத்தில் வேல்ஸின் மேற்குக் கரை கடுமையான பக்கம். இங்கே வெடித்த செங்கலும் உதிர்ந்த சாந்துமாக இருக்கும் சுவரில் பஞ்சை அடைத்தால், தாண்ட முடியாதிருந்த நீருக்குப் பாலம் போட்ட மாதிரிதான். நனைந்த பஞ்சு சூட்டையும் காக்காது. அது சரிந்து இறங்கிய இடம் சில்லிட்டுக் கிடக்கும். சமையல் ஆவியும் அங்கேயே போய்ப் படியும்.

எந்த ஈரம் எது என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. அலுமினியத் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் ஒட்டிச் சில நாள் விட வேண்டும். முன்பக்கம் வியர்த்தால் வீட்டுக் காற்றின் ஈரம், பின்பக்கம் நனைந்தால் சுவரின் ஈரம். எங்களுக்குப் பின்பக்கம் நனைந்திருந்தது. தவிர, சமையல் தினமும் நடக்கிறது; கறையோ தென்மேற்குக் காற்றோடு மழை வந்த பிறகுதான் விரிகிறது, அதுவும் சமையலறைக்கு எட்டாத படுக்கையறையில்.

2020 டிசம்பரில் ராச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டுப் பூசணமே காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி கூறினார். அங்கே பிரச்சினை காற்றோட்டம், சுவரிடைப் பஞ்சு அல்ல. ஆனால் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைமுறை பற்றித் தவறாக ஊகித்துவிட்டோம் என்று வீட்டின் உரிமையாளரான அமைப்பு பிறகு ஒப்புக்கொண்டது. அதைப் படித்தபோது ஆய்வாளரின் கேள்விகள் வேறு மாதிரி ஒலித்தன.

அடைத்த பஞ்சை வெளியே எடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். சில செங்கல்களைக் கழற்றி, அழுத்தக் காற்று விட்டு, உறிஞ்சி எடுப்பார்கள். அடைத்தது இலவசம், எடுக்க யார் பணம் தருவது என்பதுதான் 25 ஆண்டு உத்தரவாதப் பத்திரத்தை வைத்துக்கொண்டு நாங்கள் நடத்தும் கடிதப் போர். அதற்குள் வெளிச்சுவரின் இடுக்குகளுக்குப் புதுச் சாந்து பூசியாகிவிட்டது. சமையலறையில் ஆவியை வெளியேற்றும் விசிறியும் போட்டோம். இட்லிப் பானை நிரபராதி என்று நானும் சொல்லவில்லை.