தோட்டத்துப் பக்கம் திறக்கும் கதவு

லண்டன் விக்டோறியா நிலையத்தில் றயிலேறினால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் லூயிஸ் என்னும் சிறு பட்டினத்தை அடையலாம். அதற்குத் தெற்கே, ஊஸ் நதியின் அருகே, றொட்மெல் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே ஒழுங்கையோரம் நிற்கும் ஒரு பழைய வீட்டிற்கு மங்ஸ் ஹவுஸ் என்று பெயர். தமிழ் வாசகர் அறிந்துகொள்ளத் தக்க வீடு அது.

அங்கு வாழ்ந்த லெனார்ட் வுல்ஃப் நமக்கு அந்நியரல்லர். 1904ஆம் ஆண்டு இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்து வந்து, யாழ்ப்பாணக் கச்சேரியிலே வேலை பழகி, பின்னர் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் கடமையாற்றியவர். 1911இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு வேர்ஜினியாவை மணந்தார். ஆங்கில நாவல் உலகில் அழியாப் புகழெய்திய வேர்ஜினியா வுல்ஃப் அவரே.

மணமான மறு ஆண்டே வேர்ஜினியாவை மனநோய் கடுமையாகத் தாக்கிற்று. அவருடைய உடல்நிலையையும் மனநிலையையும் லெனார்ட் நாட்குறிப்பிற் பதிந்துவந்தார். பிறர் படித்துவிடாதிருக்க அவர் கையாண்ட மறைகுறி எது தெரியுமா? நம் தமிழ் எழுத்தும் சிங்கள எழுத்தும் கலந்ததொன்று! யாழ்ப்பாணத்திற் கற்ற எழுத்து ஒரு மனைவியின் துயரைக் காத்து நின்றது. ஆயினும், அன்பினாலே ஆனாலும், ஒருவர் தம்மைக் கணக்கெழுதிக்கொண்டேயிருப்பது மூச்சுமுட்டச் செய்யாதா என்ற ஐயமும் நமக்கு எழுகின்றது.

அதற்கு விடையை அவ்வீட்டின் அமைப்பிலேயே காணலாம். 1919இல் எழுநூறு பவுணுக்கு ஏலத்தில் வாங்கிய அவ்வீட்டோடு, 1929இல் ஒரு புதிய பகுதியைச் சேர்த்துக் கட்டினர். வேர்ஜினியாவின் படுக்கையறை அதிலேதான் அமைந்தது. வீட்டினுள்ளிருந்து அதற்கு வழியே கிடையாது, தோட்டத்திலிருந்துதான் நுழையவேண்டும். பெண்ணுக்குத் தனியறை வேண்டுமென வாதிட்ட அவரது நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்! எழுதுவதற்கோ வளவில் ஒரு மரக்கொட்டில். முதலிற் பயன்பட்ட கொட்டிலின் பரணில் லெனார்ட் ஆப்பிள்களைத் தரம்பிரிக்கும் ஓசை தலைக்கு மேலே கேட்குமாம். 1934இல் அவ்வெழுத்தறை வளவின் கோடிக்கு, தேவாலய மதிலோரம் இடம்மாறிற்று. கோயில் மணியோசை மட்டும் அங்கும் விட்டபாடில்லை!

தனித்தனி அறைகளைக் கண்டு, இவர்கள் ஒட்டாத தம்பதியர் என்று எவரும் எண்ணவேண்டாம். 1917இல் சிறு கையச்சுப்பொறி ஒன்றை வாங்கி, வீட்டு மேசையிலேயே நூல் அச்சிடத் தொடங்கியவர்கள் அவர்கள். லெனார்டுக்குக் கைநடுக்கம் உண்டு. ஆதலால் எழுத்துக் கோப்பது வேர்ஜினியாவின் பங்கு, பொறியை இயக்குவது அவருடைய பங்கு. காலையிற் பிரிந்து தத்தம் எழுத்துவேலை. பின்னர் ஒன்றாக உணவு, உலா, உரையாடல். தோட்டம் லெனார்டின் இராச்சியம். 

இத்தனை பேணியும் நோய் விடவில்லை. 1941 மார்ச் 28ஆம் நாள் ஊஸ் நதியிலே வேர்ஜினியாவின் வாழ்வு முடிந்தது. கணவருக்கு எழுதிவைத்த கடிதத்தில் அவர் கூறியிருந்தது நன்றியே.

லெனார்ட் அவ்வீட்டை விட்டுப் போகவில்லை. 1960இல் ஒருமுறை இலங்கையை வந்து பார்த்துச் சென்றார். 1969இல் மறையும்வரை அத்தோட்டத்தையே வளர்த்தார். வளவிலே நின்ற இரு எல்ம் மரங்களுக்கு அவர்கள் தங்கள் பெயர்களையே இட்டிருந்தனர். அவற்றின் அடியில் வேர்ஜினியாவின் சாம்பலை அவர் புதைத்தார். இன்று அம்மரங்கள் இல்லை. 1980 முதல் நாஷனல் டிறஸ்டின் பொறுப்பிலுள்ள அத்தோட்டத்திலே, இருவரின் மார்பளவுச் சிலைகள் மட்டும் நிற்கின்றன.