வேலியைத் தின்றது யார்?

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையில் காற்று வாங்குவார்கள், பாரதி பூங்காவில் உட்கார்ந்து நிலக்கடலை கொறிப்பார்கள், ஆசிரமத்துக்குப் போவார்கள். நான் போனது ஒரு வேலியைப் பார்க்க! சிரிக்காதீர்கள். என்னோடு கொஞ்சம் வாருங்கள். வீடு திரும்பியதும் உங்கள் வீட்டு நிலைப்படியை நீங்களே ஒரு தரம் தட்டிப் பார்ப்பீர்கள்.

ஊரை இரண்டாக வகிர்ந்துகொண்டு ஒரு கால்வாய் போகிறது. அதற்குக் கிழக்கே, கடலோரமாக, பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய உயர்ந்த மதில்கள், நெடிய மரச் சன்னல்கள், மதில்மேல் வழியும் காகிதப்பூக் கொடிகள். மேற்கே நம்மவர் வீடுகள். வாசலில் திண்ணை, அதற்கும் முன்னால் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம். யாரோ எவரோ வெயிலுக்கு ஒதுங்கட்டும் என்று தெருவுக்கே கொடுத்துவிட்ட நிழல் அது.

என் அக்கா வாழ்க்கைப்பட்டது அப்படி ஒரு வீட்டில். கொல்லைப்புறத்திலும் ஒரு தாழ்வாரம் உண்டு. அத்தானின் கொள்ளுத் தாத்தா நிறுத்திய நான்கு தேக்குத் தூண்கள். அதன் மூலைத் தூணிலிருந்து முருங்கை மரம் வரை, சவுக்குக் கழி நட்டு மூங்கில் பிளாச்சு கட்டி, போன வருஷம் ஒரு வேலி போட்டார்கள். அந்த வேலிதான் தினம் ஒரு பிடி மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது.

“வந்ததும் வராததுமா இதைப் பாரடி” என்று அக்கா என்னைக் கொல்லைக்கு இழுத்துப் போனாள். அணில் என்பது அவள் கட்சி. எலி என்றாள் பக்கத்து வீட்டு மாமி. அத்தானோ, “எல்லாம் கறையான். வேலிக்கு வந்தது வீட்டுக்கும் வந்திருக்கும். தாழ்வாரத்தைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போட்டுவிடலாம்” என்றார். அக்காவின் முகம் சிறுத்துவிட்டது. அந்தத் தூணில் சாய்ந்துதான் அவள் இரண்டு குழந்தைகளுக்கும் சோறு ஊட்டினாள்.

மறுநாள் காலையில் காபியும் கையுமாக வேலி ஓரம் உட்கார்ந்தேன். அணிலோ எலியோ கடித்தால் பல் தடம் இருக்கும். விளிம்பு கரடுமுரடாக இருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. சற்று நேரத்தில் ‘ஙொய்’ என்று ஒரு பெரிய கருவண்டு வந்தது. துளைக் கருவியால் போட்டது போல வட்டமான, சுட்டு விரல் நுழையும் ஓட்டை ஒன்றில் புகுந்தது.

“திருடன் அகப்பட்டான்!” என்று அக்கா துடைப்பத்தைத் தூக்கினாள்.

நல்லவேளை, அந்த நேரம் பார்த்து அத்தான் வரச் சொல்லியிருந்த ஆசாரி வந்து சேர்ந்தார். எழுபது வயது இருக்கும். “அதை விடுங்கம்மா. அது மரம் தின்னாது. முட்டை வைக்க இடம் பண்ணுது. உங்க முருங்கை காய்க்கிறதே இதுங்களாலதான்” என்றார். பிற்பாடு படித்துப் பார்த்தேன். தச்சுத் தேனீ என்கிறார்களே, அதுதான் இது. முருங்கைப் பூவுக்கு மகரந்தம் சுமப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டாம்.

அப்படியானால் மாவு? அவர் ஒரு பிளாச்சைத் தட்டினார். முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி உதிர்ந்தது. குண்டூசி குத்தினாற்போல நூறு ஓட்டை. இது உளு. அரிசி மணியை விடச் சிறிய வண்டு. அதற்கு வேண்டியது மூங்கிலில் உள்ள மாவுச் சத்து. வெட்டிய மூங்கிலைச் சில வாரம் தண்ணீரில் ஊறப் போட்டால் அந்தச் சத்து பெரும்பாலும் கரைந்துவிடும். போன வருஷம் யாருக்கு அவ்வளவு பொறுமை இருந்தது?

அத்தோடு ஆசாரி நிற்கவில்லை. வேலியின் கடைசிக் கழியை, அதாவது தூணோடு சேர்த்துக் கட்டியிருந்த கழியை, குனிந்து பார்த்தார். பென்சில் பருமனுக்கு ஒரு மண் கோடு தரையிலிருந்து ஏறி, கட்டுக் கயிற்றைத் தாண்டித் தூணுக்குள் போயிருந்தது. அதில் ஓர் அங்குலத்தைச் சுரண்டிவிட்டார். “இரண்டு நாள் பாருங்க. மறுபடி பூசியிருந்தா உள்ளே ஆள் இருக்குன்னு அர்த்தம்.”

இரண்டாம் நாள் பார்த்தோம். ஈர மண்ணால் ஒழுங்காகப் பூசியிருந்தது!

மூன்று பேர் மூன்று சொன்னார்களே, அதில் அத்தான் பாதி ஜெயித்தார். கறையானுக்கு உலர்ந்த காற்று ஆகாது. அதனால்தான் மண்ணால் கூரை போட்டுக்கொண்டு நடக்கிறது. இதை அறிந்துதான் கொள்ளுத் தாத்தா தூணுக்கு அடியில் கல் வைத்திருந்தார். மரம் மண்ணைத் தொடாது. கறையான் ஏறினாலும் கல்லின்மேல் மண் கோடு பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும். நாம் சவுக்குக் கழியைக் கட்டி, கண்ணில் படாமல் ஏற அதற்கு ஏணி போட்டுக் கொடுத்துவிட்டோம்!

ஆசாரி உளிப் பிடியால் தூணை அடியிலிருந்து தட்டிக்கொண்டே போனார். முழங்கால் உயரம் வரை ‘பொத்’. அதற்கு மேலே ‘ணங்’. “மேலே வைரம் பாய்ஞ்ச கட்டைம்மா. இன்னொரு தலைமுறை நிக்கும்” என்றார். மற்ற மூன்று தூண்களும் ‘ணங்’ என்றே சொல்லின. அக்கா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

அன்று மாலை வைசியாள் வீதிக்குப் போனேன். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய உதவியோடு அங்கே வரிசையாகப் பல வீட்டு முகப்புகளைப் பழைய மாதிரியே செப்பனிட்டார்கள்; 2008இல் அதற்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது. ஒவ்வொரு தூணாகக் கால் அடியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தவர்களும் உண்டு. அங்கிருந்து கடற்கரைக்குப் போனால் மேரி கட்டடம். பிரெஞ்சுக்காரர் காலத்து நகரமன்றம். பல வருஷம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழுந்தது. பிறகு அதே வடிவில் புதிதாக எழுப்பினார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பழைய உத்தரங்கள் பழைய உத்தரங்கள்தானே?

கொல்லை விஷயத்துக்கு வருகிறேன். மண்ணெண்ணெய் ஊற்றினால் ஊற்றிய இடத்துக் கறையான் சாகும். மண்ணுக்குள் இருக்கும் ராணிக்கு ஒன்றும் ஆகாது. அதனால் அதற்கென்றே உள்ளவர்களை அழைத்து மண்ணில் மருந்து இறக்கினார்கள். தூணின் கெட்ட அடியை மட்டும் அறுத்து, தேக்குத் துண்டு இணைத்து, மறுபடி கல்மேல் நிறுத்தினார் ஆசாரி. வேலி இப்போது தூணுக்கு ஒரு சாண் தள்ளியே நிற்கிறது. ஓட்டை விழுந்த அந்த ஒரு கழியை மட்டும் அக்கா முருங்கை மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள்.

போன வாரம் தொலைபேசியில் கேட்டேன். கருவண்டு குடி வந்துவிட்டதாம். அத்தான்தான் தினமும் காலையில் போய்ப் பார்க்கிறாராம்.