இடக்கைக்கு ஒரு துப்பாக்கி

என் சித்தப்பா மகன் 2019ஆம் ஆண்டுக் கோடையில் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் ஒரு துப்பாக்கி வாங்கினான். வேட்டையாடுவதற்கு அன்று, புலால் உண்ணாத வீட்டில் பிறந்து, அமெரிக்கா போன பிறகும் முட்டையோடு நின்றுகொண்டவன் அவன். சாலையில்லாத பள்ளத்தாக்குகளில் ஓடும் சிற்றாறுகளின் நீரோட்டத்தை அளப்பது அவன் வேலை. மிதவை விமானம் ஓர் ஏரியில் இருவரை இறக்கிவிட்டுப் போகும். நான்கைந்து நாள் கழித்து வந்து ஏற்றிக்கொள்ளும். சால்மன் மீன்கள் ஆற்றில் எதிரேறும் பருவத்தில் அளவெடுத்தாக வேண்டும். அதே பருவத்தில் அதே ஆற்றுக்குப் பழுப்புக் கரடிகளும் வரும்.

கோடை விடுமுறையில் அவன் வீட்டில் தங்கியிருந்த நான், அந்தத் துப்பாக்கி தேர்ந்தெடுக்கப்பட்டதையும் அவன் உடம்புக்கேற்பத் திருத்தப்பட்டதையும் அருகிருந்து பார்த்தேன். பார்த்தேன் என்பதே சரியான சொல். என்னைப்போலப் பார்வையாளர் விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ தம் வசம் வைத்துக்கொள்வதை அந்நாட்டுச் சட்டம் 1998 முதல் தடுக்கிறது. வேட்டை உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நன்னூல் நடத்துகிறவனுக்கு வேட்டை உரிமம் எதற்கென்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தம்பிக்கு கிரீன் கார்டு இருந்ததால் அந்தத் தடையில்லை. ஒரு படிவம், எஃப்.பி.ஐ.யின் பின்புலச் சோதனை, அவ்வளவுதான். எங்கள் ஊரில் ரேஷன் கார்டில் பெயர் திருத்த இதைவிட அதிக நாள் ஆகும்.

துப்பாக்கி வேண்டுமென்று முதலில் சொன்னவன் அவனல்லன், அவன் மனைவி. "அத்தான், போகவேண்டாம்னு சொல்ல எனக்கு மனசில்ல. வெறுங்கையோட மட்டும் போகக்கூடாதுன்னு நீங்க அவங்ககிட்ட சொல்லணும்" என்றாள். ஜூன் மாதத்தில் அங்கே பகல் 19 மணி நேரத்துக்கு மேல் நீளும். இரவு பத்து மணி வெயிலில் சமையலறையில் நின்றுகொண்டு அவள் அதைச் சொன்னாள். இரவில் வரும் தலைவனின் மலைவழியில், புற்றைக் கிண்டிக் குரும்பி தின்னும் எண்கை நினைத்துத் தலைவி அஞ்சுவது அகநானூற்றுக் குறிஞ்சிப் பாடல்களில் வருகிறது. எண்கு என்றால் கரடி. தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண் பெறுகிற பொருள் அது. அந்த நடுக்கத்தை ஒரு பெண்ணின் குரலில் நேராகக் கேட்டது அன்றுதான்.

கரடியைத் தடுக்க அலாஸ்காக்காரர்கள் கைக்கொள்ளும் வழிகள் பல. களப்பணியாளர்கள் பலர் பெருங்குண்டு போட்ட பம்ப் ஷாட்கன் கொண்டுபோகிறார்கள். சிலர் .44 மேக்னம் ரிவால்வரை நெஞ்சில் கட்டிக்கொள்கிறார்கள். வேட்டைக்காரர்களுக்கு .375 போன்ற பெருந்தோட்டா போல்ட் ஆக்ஷன் ரைஃபிள்கள். இவற்றோடு கரடி ஸ்பிரே என்ற ஒன்றும் உண்டு. உள்ளே இருப்பது மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின். முப்பது அடிவரை ஒரு செந்நிறப் புகைமண்டலத்தை எழுப்பி, ஏழெட்டு நொடியில் தீர்ந்துவிடும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக நம் அம்மிக்கு வந்த சரக்கு, அங்கே கரடியின் மூக்குக்குப் போகிறது.

இத்தனைக்கும் நடுவே அவன் லீவர் ஆக்ஷன் ரைஃபிளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கரடியல்ல. அவனுடைய இடக்கை.

பிறவியில் அவன் இடக்கையன். சோற்றுக்கு இடக்கை நீண்டபோதெல்லாம் ஆச்சி புறங்கையில் தட்டினாள். தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியர் அந்தக் கையை அரைஞாண் கயிற்றோடு சேர்த்துக் கட்டிவைத்து எழுதச் சொன்னார். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் வலக்கை எழுத்து வந்துவிட்டது, நல்ல எழுத்தும்கூட. இன்றும் எழுதுவது, உண்பது, கைகுலுக்குவது எல்லாம் வலக்கை. ஆனால் கிணற்றடியில் வாளி வழுக்கினால், சாலையில் திடீரென்று நாய் குறுக்கே வந்தால், இடக்கை எழும். துப்பாக்கிப் பயிற்சியாளர் முதல் நாள் செய்த சோதனை இதைக் காட்டிக்கொடுத்தது. இரு கைகளையும் நீட்டி விரல்களால் ஒரு சிறு சாளரம் அமைத்து, தொலைவிலிருக்கும் பொருளை அதன் வழியே பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். ஆளும் கண் இடதாக இருந்தது. பயந்த நேரத்தில் எந்தக் கை முதலில் போகும் என்று அவர் கேட்டார். முப்பத்தெட்டு வயதில் அவனை யாரும் அதுவரை கேட்டிராத கேள்வி.

போல்ட் ஆக்ஷன் ரைஃபிளின் கைப்பிடி பெரும்பாலும் வலப்பக்கத்தில் இருக்கும். இடத்தோளில் வைத்துச் சுடுகிறவன் ஒவ்வொரு முறையும் கையைக் குறுக்கே கொண்டுபோக வேண்டும். லீவர் துப்பாக்கியில் அந்தத் தொல்லையில்லை. விசைக்குக் கீழே விரல்கள் நுழையும் வளையம் ஒன்று தொங்குகிறது. முன்னே தள்ளினால் வெற்றுக்கூடு வெளியேறும், பின்னே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும், அந்த இயக்கத்திலேயே குதிரையும் நிமிர்ந்து நிற்கும். எந்தக் கை பிடித்தாலும் அதற்குச் சம்மதம். தோட்டா நுழைக்கும் வாயில் வலப்பக்கத்தில் இருப்பதுகூட இடக்கையருக்கு அனுகூலம். இடக்கை பிடியை விடாமல் வலக்கையால் நிரப்பலாம். 1860ஆம் ஆண்டின் ஹென்றி ரைஃபிள், ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1886 வின்செஸ்டர் என்று நீளும் இந்த வரிசையை நாம் கௌபாய் படங்களில் பார்த்து விளையாட்டுப் பொருளாக நினைத்திருக்கிறோம். இயந்திரம் பழையது; தட்டையானது; கீழே புடைத்த பெட்டி இல்லாததால் நடுவில் ஒரு கையால் பற்றித் தூக்கிக்கொண்டு நடக்கலாம்.

தோட்டா அதைவிடப் பழையது. 45-70 என்பது அமெரிக்க ராணுவம் 1873இல் ஏற்றது. குண்டின் விட்டம் அங்குலத்தின் நூறில் 45 பங்கு, அதன் பின்னே 70 கிரெய்ன் கருமருந்து என்பது பெயரின் பொருள். இன்று புகையில்லா மருந்தோடு 405 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 26 கிராம் எடையுள்ள ஈயக்குண்டு போடுகிறார்கள். கடினமாக வார்க்கப்பட்டது, விரிந்து சிதறாமல் எலும்பைக் கடந்து உள்ளே போவதற்காக. அதன் முனை மொட்டையாக இருக்கும். லீவர் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. கூர்முனையாக இருந்தால் பின்னதன் முனை முன்னதன் அடிவெடியைக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்கக்கூடும்.

மார்லின் கம்பெனி 1998இல் வெளியிட்ட 1895 கைடு கன் அவன் தேர்வு. 18.5 அங்குலக் குழல், மொத்த நீளம் 37 அங்குலம், ஏறக்குறைய மூன்றே கால் கிலோ. ஆல்டர் புதர்களில் நீளக்குழல் சிக்கும், அதனால் குட்டையாக வேண்டும். ஆனால் தனிப்பதிவு இல்லாமல் ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்குக் குறையக்கூடாதென்பது 1934ஆம் ஆண்டுச் சட்டம். புதிதாக வாங்காதே, பழையது தேடு என்று எல்லோரும் சொன்னார்கள். 2007இல் ரெமிங்டனிடம் விலைபோன மார்லினின் பழைய ஆலை 2011இல் மூடப்பட்டது. இடம் மாறிய பின் வந்த துப்பாக்கிகளின் பொருத்தம் சரியில்லை என்ற பேச்சு பரவியிருந்தது. ஆகவே கடையில் ஆளாளுக்குக் குழலின் அடியில் ஜே.எம். என்ற சிறு முத்திரை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள். நிறுவனர் ஜான் மார்லினின் முதலெழுத்துகள் அவை. பழைய பித்தளைக் குத்துவிளக்கின் அடியைத் திருப்பிப் பார்க்கும் கும்பகோணத்து வியாபாரிகள் நினைவுக்கு வந்தார்கள். (ரெமிங்டன் 2020இல் திவாலாகி, இப்போது ரூகர் கம்பெனி மார்லினைச் செய்கிறது, நன்றாகச் செய்வதாகவே கேள்வி.)

பிறகு திருத்தங்கள். கட்டையின் நீளம் முதலில். முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை அதன் மடிப்பில் வைத்தால் விரல் விசையை எட்டவேண்டும். ஐந்தடி நான்கங்குல ஆளுக்கு, அதுவும் கனத்த மழைக்கோட்டுக்குள் இருப்பவனுக்கு, ஆலைக் கட்டை நீளம். தூக்கும்போது அக்குளில் மாட்டும். கம்மியர் வால்நட் மரத்தை ஓர் அங்குலம்போல அறுத்துவிட்டு, உதை தாங்க மெத்தென்ற ரப்பர் அட்டை பொருத்தினார். அடுத்தது குறிபார்க்கும் அமைப்பு. பின்குறியை எடுத்துவிட்டு அகன்ற துளையுள்ள ஒரு வளையம். கண் வளையத்தையே பார்ப்பதில்லை, அதன் வழியே முன்குறியின் வெள்ளைப் புள்ளியைத்தான் பார்க்கிறது. லீவர் வளையமும் கையுறை நுழையுமளவுக்குப் பெரிதாக்கப்பட்டது. தோள்வார் வேண்டாமென்றார் பயிற்சியாளர். வார் இருந்தால் துப்பாக்கி முதுகுக்குப் போய்விடும், முதுகில் இருப்பது மூட்டை.

அதிகம் பேசப்பட்டது பாதுகாப்புப் பொத்தான். 1980களிலிருந்து மார்லினில் குறுக்கே ஒரு பொத்தான் உண்டு. அது அழுந்தியிருந்தால் விசையை இழுக்கும்போது குதிரை விழும், டக்கென்று ஓசை வரும், தோட்டா வெடிக்காது. அதைக் கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தம்பி கழற்றவில்லை. வீட்டில் குழந்தை இருந்தது. காட்டில் இறங்கியதும் விரலால் தடவிப் பார்ப்பதை மந்திரம்போலப் பழகிக்கொண்டான்.

பயிற்சிக்கு ஒருநாள் கூடப் போனேன். சரிவில் கயிற்றால் இழுக்கப்படும் அட்டை ஒன்றுதான் கரடி. அமெரிக்க வனத்துறையின் அலாஸ்கா ஆய்வாளர்கள் 1983இல் கரடிக்கெதிரான குண்டுகளைச் சோதித்தபோது வைத்துக்கொண்ட தூரம் 15 கஜம். பாயும் பழுப்புக் கரடி மணிக்கு 55 கிலோமீட்டர் வேகம் தொடும். அந்தத் தூரத்துக்கு ஒரு நொடி. முதல் முறை அட்டை அவனைக் கடந்து போன பிறகுதான் துப்பாக்கி தோளுக்கு வந்தது. மாலையில் தோளில் கத்தரிப்பூ நிறத்தில் கன்றியிருந்தது. மனைவி தைலம் தேய்த்தாள், ஒன்றும் பேசாமல்.

இந்தத் துப்பாக்கி உண்மையில் காக்குமா என்ற கேள்விக்கு ஆய்வு சொல்லும் பதில் அவளுக்கு உவப்பாக இல்லை. டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ குழுவினர் 2012இல் அலாஸ்காவில் துப்பாக்கி இருந்த 269 கரடிச் சம்பவங்களை ஆராய்ந்தார்கள். நீள்துப்பாக்கிகள் 76 விழுக்காடு பயன்பட்டன. ஆனால் சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் நேர்ந்த காயங்களில் வேறுபாடு தெரியவில்லை. அதே ஆய்வாளர்கள் 2008இல் ஆராய்ந்த ஸ்பிரே சம்பவங்களில் பழுப்புக் கரடிகள் 92 விழுக்காடு பின்வாங்கியிருந்தன. இரண்டையும் அப்படியே ஒப்பிடக்கூடாது. ஸ்பிரே பட்டவற்றில் பல, பாய வந்தவை அல்ல, மோப்பம் பிடிக்க வந்தவை. ஆயினும் அவன் இரண்டையும் கொண்டுபோக முடிவுசெய்தான். தற்காப்புக்காகக் கரடியைக் கொன்றால் அங்கே சட்டம் இன்னொன்றும் கேட்கிறது: தோலை நகங்களோடு உரித்து, மண்டையோட்டையும் சேர்த்து அரசிடம் ஒப்படைக்கவேண்டும். கோழிக்கடைப் பக்கம் போகாதவன் உரிக்கும் முறையைப் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தான், அழகான வலக்கை எழுத்தில்.

ஃபாக்னரின் 'கரடி' கதையை நம் வாசகர்கள் பலர் அறிவார்கள். காட்டின் பெருங்கரடியைக் காண விரும்பும் சிறுவன் முதலில் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போகிறான். அது போதாமல் கடிகாரத்தையும் திசைகாட்டியையும் கழற்றி வைக்கிறான். கரடி தன்னைக் காட்டுகிறது. எனக்கு மிகப் பிடித்த கதை. ஆனால் அந்தச் சிறுவன் தரிசனத்துக்குப் போனவன். திங்கட்கிழமை நீரோட்டக் கணக்கு ஒப்படைக்க வேண்டியவன் அல்லன். துப்பாக்கியை விட்டுச்செல்லும் பேறு கூலிக்குக் காட்டுக்குள் போகிறவர்களுக்கு வாய்ப்பதில்லை.

ஆகஸ்டில் நான் திருநெல்வேலிக்குத் திரும்பிய பின் அவன் அழைத்தான். முழங்காலளவு நீரில் நின்று அளவைக்கோலைப் பிடித்திருந்தபோது எதிர்க்கரையில் கரடி வந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கஜம் இருக்கும். அளப்பதற்கு இரு கையும் வேண்டுமென்பதால் துப்பாக்கி பின்கரையில் ஒரு பாறைமேல் சாய்ந்திருந்தது. கரடி எழுந்து நின்றது, முகர்ந்தது, இறங்கி நடந்து மறைந்தது. "கீழ பாத்தா, அண்ணா, நெஞ்சுப் பையில இருந்த ஸ்பிரே இடது கையில இருந்துச்சு. பூட்டுகூடத் தட்டிவிட்டிருந்துச்சு. எப்ப எடுத்தேன்னு தெரியல" என்றான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவனுக்கு அலுவலகத்தில் அமர்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது. துப்பாக்கியை விற்கக் கொண்டுபோனான். ஜே.எம். முத்திரையைப் பார்த்து மலர்ந்த கடைக்காரர் கட்டையைப் பார்த்ததும் விலையைக் குறைத்துவிட்டார். அறுத்த மரம் வளராது, அந்த அளவு கைக்கு ஆள் வரவேண்டும் என்றாராம். விற்காமல் திரும்பக் கொண்டுவந்தான். கம்மியர் அறுத்த வால்நட் துண்டு, நான் சட்டப்படி தொடக்கூடிய பகுதி, என் மேசைமேல் விடைத்தாள்கள் பறக்காமல் இருக்கிறது.