சொல்லத் தயங்கிய நோய்

அகத்திணையை மாணவர்க்கு விரித்துரைக்கும் நான், என் ஆண்குறியின் முன்தோல் இறுகிப் பின்வாங்க மறுத்ததை மூன்றாண்டுகள் எவரிடமும் கூறவில்லை. கத்தியொன்றே வழியென்ற அச்சம் வேறு! ஈற்றில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்றேன். வைத்தியர் முதலில் நீரிழிவு உண்டோவெனச் சோதித்தார். வளர்ந்தோர்க்குப் புதிதாய்த் தோன்றும் இறுக்கத்துக்கு அதுவும் காரணமாகலாம். பின்னர் தந்தது பீற்றாமெதசோன் களிம்பு: நாளுக்கு 2 முறை பூசி, நோகாதபடி தோலை மெல்ல நெகிழ்த்த வேண்டும், 4 முதல் 8 வாரம். வலிந்திழுத்தால் வெடித்துத் தழும்பாகும். பின்தள்ளிய தோலை முன்கொணராது விட்டால் வீங்கி இறுகும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். வெண்தழும்பு படிந்தோர் சிலர்க்குச் சத்திரசிகிச்சையே தேவைப்படலாம். எனக்கு 6ஆம் வாரத்தில் நெகிழ்ந்தது.

ஆசிரியர் அறையில் இதனைக் கூறியபோது ஒருவர் நகைத்தார். மற்றொருவர் மாலையில் தனியே வந்து மருந்தின் பெயரைக் கேட்டார். வைத்தியரிடமே அழைத்துச் சென்றேன்.